சகலையின் மலை

1

இந்த மாசியோடு நான் கடல் தாண்டி வந்து இருபது வருஷம். கடை முதலாளி கூப்பிட்டு ஒரு நாள் லீவு கொடுத்து, "எங்கயாச்சும் போயிட்டு வாங்க" என்றார். இந்தியாக்காரர்களைத் திருப்பி அனுப்பப் பேசுகிற இந்தக் காலத்தில் இலங்கையில் யாராவது நம்மைப் பார்த்து அப்படிச் சொன்னால், இரண்டு தரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் மூன்று தரம் யோசித்துவிட்டு, ஏரிக்கரைக்குப் போய்வந்தேன்.

நான் இருப்பது நுவரெலியா. காய்கறி மொத்தக் கடையில் மூட்டைகளை ரயிலுக்கு அனுப்புகிற வேலை. முட்டைக்கோசும் காரட்டும் தினமும் கொழும்புக்குப் பிரயாணம் போகும். வழியனுப்பிவிட்டு நான் இங்கேயே நிற்பேன். சொந்த ஊர் அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி. எங்கள் ஊரில் ஒரு மனிதன் ஏறக்கூடிய உயரமான இடம் பெருமாள் கோயில் தேர்தான். அதற்கும் விடமாட்டார்கள். அப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து ஆறாயிரம் அடி உயரத்தில் வைத்துவிட்டது விதி.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். அங்கே குளிராமே, பொழுது எப்படிப் போகிறது? நடந்து போகிறது. எட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் மலையேறச் சொன்னார். ஏறினேன். வயிறும் கூடவே ஏறியது. இறங்கும்போதும் கூடவே இறங்கியது. ஆனால் பழக்கம் விடவில்லை.

என் நடைக்கு ஒரு சட்டம் உண்டு. பஸ்ஸோ ரயிலோ கொண்டுபோய் விடுகிற இடத்தில் ஆரம்பிக்க வேண்டும், பஸ்ஸோ ரயிலோ வந்து தூக்கிக்கொள்கிற இடத்தில் முடிக்க வேண்டும். சோம்பேறியாயிருந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரியை ஒரு சுற்று, குதிரைப் பந்தய மைதானம் வழியாக. கொஞ்சம் ரோஷம் இருந்தால் ஹக்கல பஸ்ஸில் ஏறி, பூந்தோட்டத்தில் இறங்கி, மேலே காட்டு ஓரமாக ஏறித் திரும்புவது. நல்ல ரோஷம் வந்தால் நானுஓயாவில் காலை ரயில் பிடித்துப் பட்டிப்பொலையில் இறங்க வேண்டும். அங்கிருந்து புல்வெளி வழியாக 'உலக முடிவு' வரை நடை. நிஜமாகவே அந்த இடத்துக்கு அதுதான் பேர். நின்று எட்டிப் பார்த்தால் கீழே மேகம்தான் இருக்கும். அப்புறம் ஒஹிய ஸ்டேஷனுக்கு இறங்கிச் சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டும். தவறினால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கோழிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இரண்டு தரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தனை பெருமையையும் ஒரே ஆள் சாப்பிட்டுவிட்டார். அவர் பெரம்பலூரில் இருக்கிறார்.

2

முதலில் என் மகள் வேதவல்லியைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பெண், பதினாறு வயது. இங்கேயே பிறந்து, இங்கேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். காபியைக் கோப்பி என்பாள், சிநேகிதியைக் கூட்டாளி என்பாள். மார்க்கெட்டில் சிங்களத்தில் பேரம் பேசுவாள். எங்களிடம் தமிழில் சண்டை போடுவாள். கோபம் முற்றினால் இங்கிலீஷுக்குப் போய்விடுவாள். அந்த இங்கிலீஷுக்கு எனக்கும் அவள் அம்மாவுக்கும் பதில் தெரியாது. அதனால் எல்லாச் சண்டையிலும் அவளே ஜெயிப்பாள்.

ஏழு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நடைக்கு அவள்தான் துணை. நான் சொல்கிற தமாஷுக்கெல்லாம் சிரிப்பாள். பாதி வழியில் என் தோளில் ஏறிக்கொள்வாள். பதினாலு வயதில் ஒரு நாள், "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்குத் தலைவலி" என்றாள். அடுத்த ஞாயிறும் தலைவலி. மூன்றாவது ஞாயிறு, "என்னம்மா, ஞாயித்துக்கிழமைன்னா ஒன் தலைக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. கூட்டாளிங்க பாக்குறாங்க."

"என்ன பாக்குறாங்க?"

"நீங்க வேட்டிக்கு மேல கோட்டு, தலையில மப்ளர், கையில கொடை. ஏரிய சுத்திக்கிட்டு எல்லாருக்கும் குட்மார்னிங் சொல்றீங்க."

அதோடு முடிந்தது. இரண்டு வருஷமாகத் தனியாக நடந்தேன். பெண்கள் வளர்ந்தால் விலகித்தான் போவார்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். வெள்ளைக்காரத் துரைகளின் பெண்கள்கூடத் துரைகளோடு நடப்பதில்லை, பார்த்திருக்கிறேன். அது ஒரு ஆறுதல்.

3

போன கார்த்திகையில் மச்சினன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். முன்பெல்லாம் நினைத்தால் கப்பல் ஏறலாம். இப்போது போய்த் திரும்பி வருவதற்கு ஒரு காகிதம் வேண்டும். நான், என் மனைவி தனம், வேதா, மூன்று பேருக்கும் ஆளுக்கொன்று. அதில் ஒரு தேதி போட்டிருக்கும். தை கடைசி. அதற்குள் தலைமன்னாரில் வந்து இறங்காவிட்டால், மறுபடி உள்ளே வருவது ஆண்டவன் கையில்கூட இல்லை, ஆபீஸர் கையில்.

கல்யாணம் தனத்தின் பிறந்த ஊரான பூலாம்பாடியில். முடிந்ததும் பெரம்பலூரில் சகலை வீட்டில் தங்கினோம். சகலை நடேசன், தனத்தின் தங்கை செண்பகத்தைக் கட்டினவர். ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கிற ஏஜெண்ட். பிள்ளை இல்லை. என்னைவிட நாலு வயது இளையவர். வயிறு என்று ஒன்று அவருக்கு இருக்கிறது என்பதற்குச் சாப்பிடுவதைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. தலையில் முடியும் அப்படியே இருந்தது. இரண்டையும் நான் முதல் நாளே கவனித்துவிட்டேன்.

மூன்று நாள் என் மலைகளை அளந்தேன். "ஆறாயிரம் அடி, நடேசா. மேகம் நம்ம காலுக்குக் கீழ போவும்."

"அப்டிங்களாண்ணே" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். பெருமையடிக்கிறவனுக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

செண்பகம்தான் வாய்க்காரி. "ஏன் மாமா, மேகம் காலுக்குக் கீழன்னா கொடை எதுக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்க?"

நாலாம் நாள் நடேசன், "ஒரு நா நம்ம பச்சமலைக்கும் போயிட்டு வருவோம்ணே. காலைல மொத பஸ்ஸு. லாடபுரத்துல எறங்கி நடந்தா அடிவாரம். மயிலூத்துல இப்ப தண்ணி வுழும்" என்றார்.

"பச்சமலையா? நான் பாத்த மலைங்களுக்கு முன்னால அது வயித்து வலிக்காரன் குந்துன மாரி இருக்கும்" என்றேன்.

"சித்தப்பா, நானும் வரேன்" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் என் மகள். இரண்டு வருஷத் தலைவலி பெரம்பலூர்க் காற்றில் பறந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பஸ். யுத்தம் முடிந்து எத்தனையோ நாளாகியும் அந்த பஸ்ஸுக்கு மட்டும் யாரும் சேதி சொல்லவில்லை. இன்னமும் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடிக்கொண்டிருந்தது. நடேசன் சொன்னதால் டிரைவர் பக்கத்து ஸீட் எனக்குக் கிடைத்தது. ஜம்மென்று உட்கார்ந்தேன். ஒரு சின்ன மேட்டில் வண்டி முக்கி நின்றது. "கனத்த ஆளுங்க கொஞ்சம் எறங்குங்க" என்றார் டிரைவர். முப்பது பேர் இருந்த பஸ்ஸில் எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். இறங்கித் தள்ளினேன். கரிப்புகை முழுதும் என் வெள்ளைச் சட்டைக்கு வந்தது. பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டிருந்த வேதா சிரித்தாள். என் தமாஷுக்குச் சிரித்து இரண்டு வருஷமானவள், என் சட்டைக்குச் சிரித்தாள். சரி, அதுவாவது நமக்குக் கிடைத்ததே என்று எடுத்துக்கொண்டேன்.

4

அடிவாரத்தில் பாதையோரம் ஒரு நட்ட கல். அதன் முன்னால் காய்ந்ததும் பச்சையுமாகத் தழைக் குவியல். மலையேறுகிற ஒவ்வொருவரும் ஒரு கொத்துத் தழை ஒடித்து அதில் போட்டுவிட்டு ஏறினார்கள். நடேசனும் ஒடித்துப் போட்டார்.

"எதுக்கு சித்தப்பா?" என்றாள் வேதா.

"காலு நோவாதும்பாங்க. நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. ஆனா போட்டுட்டு ஏறுனா, நடுவுல திரும்பிப் போயிரலாமான்னு நெனப்பு வராதும்மா."

அவளும் ஒடித்துப் போட்டாள். நானும் போட்டேன், கொஞ்சம் பெரிய கொத்தாகவே. இலங்கையிலும் காட்டு வழியில் பிள்ளையாருக்குத் தழை செருகுகிற வழக்கம் உண்டு, நமக்குத் தெரியாததா என்கிற தோரணையில்.

ஏறினோம். நடேசனுக்கு மரங்கள் எல்லாம் தெரியும். இது உசிலை, இது வெப்பாலை, இதன் காயைத் தின்றால் நாக்கு ஊதாவாகும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஊதாவான நாக்கை அவள் நீட்டிக் காட்டினாள், அவரிடம். நானும் ஏழு வருஷம் அவளுக்கு மலை காட்டியிருக்கிறேன். அதில் மரங்களின் பேர் ஒன்றுகூடச் சொன்னதில்லை, எனக்குத் தெரிந்தால்தானே. ரயில் நேரம் சொல்லியிருக்கிறேன். தமாஷ் சொல்லியிருக்கிறேன். இவர் ஒரு தமாஷும் சொல்லாமலே சிரிக்க வைக்கிறார். இருபது அடி பின்னால் நடந்தபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். அந்த முதுகில் வேர்வைகூட இல்லை.

வழியில் ஒரு சுனையில் இரண்டு பேரும் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்கள். இதுதான் சமயம் என்று நான் நிற்காமல் முன்னால் போனேன். முதலில் மயிலூத்தில் போய் நின்றுகொண்டு, "என்ன, இப்பத்தான் வர்றீங்களா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அகலமாக, நல்ல பாதையாக இருந்தது. அதன் குறுக்கே பச்சைத் தழைக் கொத்து ஒன்று கிடந்தது. அடடா, சாமிக்குப் போட்டதை யாரோ மரியாதை இல்லாமல் மிதிபடுகிற இடத்தில் போட்டுவிட்டார்களே என்று, அதை எடுத்து, பக்கத்துப் பாறைமேல் பக்தியோடு வைத்து, கும்பிட்டுவிட்டு இடது பக்கம் போனேன்.

பாதை கீழே இறங்கியது. பிறகு முள்ளாக மாறியது. பிறகு பாதையாகவே இல்லை. மழையில் சரிந்த மண்ணும் உருண்ட கல்லுமாக ஒரு பள்ளம். வேட்டி ஒரு முள்ளில் மாட்டியது, விடுவிக்கத் திரும்பினேன், மறு முனை இன்னொன்றில் மாட்டியது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. கூப்பிட வெட்கமாக இருந்தது. அதனால் முதலில் இருமினேன். பிறகு பலமாக இருமினேன். கடைசியில்தான், "நடேசா!" என்றேன்.

அவர் மட்டும் இறங்கி வந்தார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"இந்தப் பக்கம் எப்படிண்ணே வந்தீங்க? தழை போட்டு மறிச்சிருந்துச்சே?"

"அது சாமிக்குப் போட்ட தழை இல்லையா?"

"இல்லண்ணே. போன மழைல வழி சரிஞ்சி போச்சி. வெறகுக்கு வர்ற பொம்பளைங்க, இந்தப் பக்கம் வராதீங்கன்னு குறுக்கால போட்டு வச்சிருக்காங்க. அந்தத் தழை இப்ப எங்க?"

"பாறைமேல வச்சிக் கும்பிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன்.

"ஒண்ணுமில்லண்ணே. வெறகு எடுக்கிறவங்க வர்ற நேரம். நான் போயி மறுபடி குறுக்க போட்டுட்டு வந்துடறேன்" என்று, என்னை மேலே ஏற்றிவிட்டு, எனக்கு முன்னால் ஓடினார்.

பிரிகிற இடத்தில் வேதா நின்றிருந்தாள். என் கிழிந்த வேட்டியைப் பார்த்து, "என்னாச்சுப்பா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நடேசன், "நாந்தாம்மா அண்ணங்கிட்ட இடது கைப் பக்கம்னு சொல்லிட்டேன். தப்பு எம்மேல" என்றார்.

அன்றைக்கு மயிலூத்தில் குளித்தேன். தண்ணீர் ஜில்லென்று, நுவரெலியா ஏரி மாதிரியே இருந்தது. உடம்பு குளிர்ந்தது. உள்ளே ஒன்று மட்டும் அந்த பஸ் அடுப்பு மாதிரிக் கனன்றுகொண்டே இருந்தது.

5

லீவு முடிந்து மார்கழி பிறந்ததும் நான் மட்டும் திரும்பினேன். "ஸ்கூல் தொறக்க நாளிருக்குப்பா. நானும் அம்மாவும் தை கடைசிக்குள்ள வந்துடறோம்" என்றாள் வேதா. சரி என்றேன். அரியலூர் ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினார்கள். வண்டி நகரும்போது பார்த்தேன். அவள் கையாட்டிவிட்டு, வண்டி மறைவதற்கு முன்னாலேயே நடேசன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கடிதங்கள் வந்தன. எனக்கு உடம்பு எப்படி என்று ஒரு வரி. மீதி நாலு பக்கமும் சித்தப்பா.

சித்தப்பாவும் அவளும் பஸ்ஸில் போய் இறங்கி ரஞ்சன்குடிக் கோட்டையில் ஏறினார்களாம். இன்னொரு நாள் அரியலூர் போய், அங்கிருந்து வேறு பஸ் மாறி, கரைவெட்டி ஏரிக்குப் போனார்களாம். கரைமேலேயே இரண்டு மணி நேரம் நடந்தார்களாம். "அப்பா, எண்ண முடியாத பறவை. எல்லாம் குளிர் தாங்காம எங்கேயோ தூரத்துல இருந்து இங்க வருதாம். குளிரைத் தேடிப் போன ஒரே உசுரு ஒங்கப்பாதான்னு சித்தப்பா சொன்னாங்க. சிரிச்சிச் சிரிச்சி எனக்கு வயிறு வலிச்சிடுச்சு."

நான் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். தமாஷ் ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டார். அதிலும் கெட்ட விஷயம், தமாஷ் நன்றாக இருந்தது.

அந்த வாரம் ஏரியைச் சுற்றும்போது, பந்தய மைதானத்து வேலி ஓரம் நின்ற ஒரு குதிரையிடம் எனக்குத் தெரிந்ததிலேயே சிறந்த தமாஷைச் சொன்னேன். அது கேட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

தை பாதியில் தனத்தின் கடிதம் வந்தது. "வேதா இங்கயே டீச்சர் டிரெயினிங் சேந்தா என்னன்னு நடேசன் தம்பி கேக்குது. திருச்சியில விசாரிச்சிட்டு வந்துருக்குது. செலவெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்னு செண்பகமும் சொல்றா. வேதாவுக்கும் ஆசை மாரிதான் தெரியுது. நீங்க என்ன சொல்றீங்க? காயிதத்துத் தேதி வேற நெருங்குது."

பிள்ளைகள் சிங்களம் பேசிப் போய்விடுவார்கள், வெள்ளைக்காரனைப் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்று இங்கே எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். நானும் பயந்திருக்கிறேன். என் பிள்ளை பெரம்பலூருக்கு என்னைவிட்டுப் போவாள் என்று யாரும் என்னை எச்சரிக்கவில்லை.

6

கச்சேரிக்குப் போனேன். இங்கே கச்சேரி என்றால் பாட்டு இல்லை, சர்க்கார் ஆபீஸ். காகிதத்தின் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளைக்கு வருத்தமோ?" என்றார். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.

"இல்லைங்க, நல்லாத்தான் இருக்கா."

"பின்னை ஏன் வரேல்லை?"

"அங்க மலையேறிக்கிட்டு இருக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன், இஞ்ச மலை இல்லையோ?"

அதைத்தானய்யா நானும் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அவர் ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார். காரணம் என்று போட்ட இடத்தில் எழுதித் தந்தால் மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார். அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எழுதிக் கொடுத்தால் அவள் அங்கேயே இருந்து படிக்கலாம், லீவில் வரலாம், இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும். நல்ல தகப்பன் அதைத்தான் செய்வான். எனக்கும் அது தெரியும்.

எதிரே தபால் ஆபீஸ். உள்ளே போய்த் தந்திப் பாரம் வாங்கினேன்.

'அன்வெல்' என்று எழுதினேன். அப்படிப் போட்டால் கஷாயம் குடிக்கச் சொல்லிப் பதில் எழுதுவாள் தனம். அடித்துவிட்டு, 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி' என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பையன் இரக்கத்தோடு பார்த்து, "பெரியவர் ஆஸ்பத்திரியிலா?" என்றான்.

"இல்லை, எழுந்து நடமாடிக்கிட்டுத்தான் இருக்கார்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது.

வெளியே வந்து தேத்தண்ணி குடித்தேன். சீரியஸாக இருந்த ஆளுக்கு இரண்டு வடையும் இறங்கியது.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை பதில் தந்தி வந்தது. புறப்பட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு கடிதமும் வந்தது, வேதா கையெழுத்தில். என் தந்தி போய்ச் சேருவதற்கு முந்தின நாள் தபாலில் போட்டது.

"அப்பா, டிரெயினிங் வேண்டாம்னு சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். அவங்களுக்கு மொகம் வாடிப்போச்சு, ஆனா ஒண்ணும் சொல்லல. நாங்க வர்ற வாரம் பொறப்படறோம். வந்த மொத ஞாயித்துக்கிழமை ஒங்களோட உலக முடிவுக்கு வரேன். கோட்டு, மப்ளர் எல்லாம் போட்டுக்குங்க. கூட்டாளிங்க பாத்தா பாக்கட்டும்."

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். கடையில் அன்றைக்குப் போன மூட்டைகளில் பாதி தப்பான ஸ்டேஷனுக்குப் போயின என்று மட்டும் சொல்கிறேன்.

7

சனிக்கிழமை மத்தியானம் நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனேன். சீரியஸாகப் படுத்திருக்க வேண்டிய மனிதன் பிளாட்பாரத்தில் வந்து நிற்கக் கூடாது என்பது, வண்டி உள்ளே வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அவசரமாக மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டேன். அந்தக் குளிரில் பிளாட்பாரத்தில் இருந்த போர்ட்டர்கூட மப்ளர் சுற்றியிருந்தான். அதை வியாதி என்று யார் நம்புவார்கள்?

தனம் முதலில் இறங்கினாள். தலை கலைந்து, மூன்று நாள் பிரயாணத்துக் கரி முகமெல்லாம். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். பாதியில் நின்றாள். மேலிருந்து கீழ் பார்த்தாள்.

"நிக்கிறீங்க?"

"நிக்கிறேன்."

"யாரு கூட்டியாந்தது?"

"பஸ்ஸுல வந்தேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த பையை என் காலடியில் போட்டாள். "நீ நல்லா இருப்பியாய்யா? தனுஷ்கோடியிலேருந்து தாலியக் கையில புடிச்சிக்கிட்டு வரேன். கப்பல்ல ஒரு வாய் தண்ணி எறங்கல எனக்கு. வெளையாட்டுக்கு ஒரு அளவு இல்ல?" இருபது வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். போர்ட்டர் தமிழ் தெரிந்தவன். மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேதா பின்னால் இறங்கினாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்தாள், அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இங்கிலீஷில் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியே நுவரெலியா பஸ் நின்றது. தனம் சாமான்களோடு ஏறினாள். வேதா ஏறவில்லை. "நீங்க போங்கம்மா, நான் நடந்து வரேன்" என்று மேட்டுப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள். ஊருக்கு ஐந்து மைல், முழுக்க ஏற்றம். நானும் பஸ்ஸில் ஏறாமல் பின்னாலேயே போனேன்.

தேயிலைக் காட்டுக்கு நடுவே வளைந்து வளைந்து ரோடு. அவள் வேகமாக நடந்தாள். இதே பெண் முன்பு பாதி வழியில் கால் நோகிறது என்று உட்கார்ந்துவிடுவாள். இப்போது மூச்சு வாங்கவில்லை. யார் பழக்கிய நடை என்று தெரிந்தது. அந்த நிலையிலும் எனக்குப் பொறாமை வந்தது. என் லட்சணம் அதுதான், மறைப்பானேன்.

ஒரு வளைவில் நின்றாள். நான் வந்து சேருவதற்காக. ஆனால் திரும்பவில்லை.

"தந்தி வந்தப்ப சித்தப்பா ஆபீஸ்ல இருந்தாங்க. வாங்கிப் படிச்சிட்டு வூட்டுக்கு வந்தாங்க" என்றாள்.

காதோடு சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்தேன்.

"ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் இருக்காதும்மா, நீ பக்கத்துல இல்லாதது அண்ணனுக்குத் தாங்கல, அவ்வளவுதான், ஆனா நீ போயிருன்னு சொன்னாங்க. கப்பல் ஏத்தி வுடறப்பவும் அதையேதான் சொன்னாங்க. அழுவாதம்மா, நல்லாத்தான் இருப்பாருன்னு."

என்னை முள்ளிலிருந்து எடுத்துவிட்ட அதே குரலில் அவர் அதைச் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்டது.

"அப்ப ஏம்மா அழுதுகிட்டு வந்தே?" என்றேன்.

"சித்தப்பா சொன்னத நான் நம்பல. எங்கப்பா அப்படிப் பொய்யெல்லாம் சொல்ல மாட்டாருன்னு அவங்ககிட்ட சண்ட போட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். அது எனக்காக என்று நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நடேசனுக்கும் எனக்கும் நடுவே நடந்த போட்டியில் கடைசியாக நான் ஜெயித்திருக்கிறேன். என் மகள் அவர் வார்த்தையைத் தள்ளிவிட்டு என் வார்த்தையை நம்பியிருக்கிறாள். அவள் நம்பியது பொய். அவர் சொன்னதுதான் நிஜம்.

பின்னாலேயே நடந்தேன். ஊர் வந்து சேருகிற வரைக்கும் ஒரு தமாஷும் சொல்லவில்லை.